தறியில் நின்ற பாதிச் சேலை

வரதர் கோயில் கருட சேவையன்று கயிறு பிடித்துக் கூட்டத்தை விலக்குகிற காவலர்களுக்கு நடுவில், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கி, தொலைந்துபோன பிள்ளை ஒன்றை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு, "யார் வூட்டுக் கொழந்தபா இது?" என்று தொண்டை கட்டக் கத்துகிற பருமனான அம்மாள் ஒருத்தியைக் காஞ்சிபுரத்துக்காரர்கள் ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள். அவள் பெயர் சுகாசினி. பதவி, சிறப்பு உதவி ஆய்வாளர். ஸ்டேஷனில் அவளுக்கு இருக்கிற பெயர் டீச்சரம்மா.

பாராட்டி வைத்த பெயரில்லை அது. ஒருவனைப் பிடித்துவரப் போன இடத்தில் அவனை விட்டுவிட்டு, அவன் பிள்ளையிடம் உட்கார்ந்து என்ன வகுப்பு, மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கதை பேசுவாள் என்பதால் வந்த கேலி. அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. பாதி ஆயுளைக் காக்கிக்குள் கழித்தவளுக்கு இந்தக் கேலியெல்லாம் எந்த மூலைக்கு?

இப்படி ஒருத்தி இருந்தால், சின்ன வயதில் அவள் கண்ணெதிரே அவள் அப்பாவைப் போலீஸ் இழுத்துப்போயிருக்கும், அந்தக் காயம்தான் காரணம் என்று நினைக்கத் தோன்றும். அப்படி ஒரு மண்ணும் இல்லை. வாலாஜாபாத் அரிசி ஆலையில் மேஸ்திரியாக இருந்த அவள் அப்பா, யார் வம்புக்கும் போகாமல் வாழ்ந்து, பேத்திகளைப் பார்த்துவிட்டுத் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். உனக்கு ஏன் இந்தப் பாடு என்று யாராவது கேட்டால், "தப்பு பண்ணது ஆத்தாவோ அப்பனோ. கொழந்த இன்னா பண்ணுச்சு?" என்பாள். அதற்கு மேல் விளக்கம் சொல்ல அவளுக்கு வராது, அவசியம் என்றும் தோன்றியதில்லை.

ஆனால் அனுபவத்தில் சில வழக்கங்களைப் பிடித்து வைத்திருந்தாள். பிள்ளை இருக்கிற வீடானால் பூட்ஸ் சத்தத்தோடு நுழையவிட மாட்டாள். நெசவாளர் வீடானால் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவாள். தறி இருக்கிற அறையில் செருப்போடு மிதித்தால் அந்தத் தெருவில் அதற்கப்புறம் ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடைக்காது. பிள்ளை பார்க்க விலங்கு மாட்டக் கூடாது. போகிறவர்களே தங்கள் வாயால் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும், அக்கம்பக்கத்தார் சொல்லித் தெரியக் கூடாது. முக்கியமாக, எப்போது திரும்புவேன் என்று நாள் குறித்துச் சொல்லக் கூடாது. கோர்ட்டு தருகிற தேதி எப்படி நழுவும் என்பது அவளுக்குத் தெரியும். ஒருமுறை திருட்டு நகை வாங்கிய வழக்கில் ஒரு பெண்ணை அழைத்துவரப் போனார்கள். அந்தப் பெண், மகளுக்குத் தலைவாரிப் பாதிப் பின்னலில் இருந்தாள். இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டி, பொட்டு வைத்து முடிக்கும்வரை ஜீப் தெருமுனையில் நின்றது. டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஹாரனில் கை வைக்கப் போனபோது, "கைய எடு" என்று ஒரு முறை முறைத்தாள் பாருங்கள், அவன் அதற்குப் பிறகு அவளோடு போகும்போது வண்டியையே அணைத்துவிடுகிறான்.

இவ்வளவு வழக்கம் வைத்திருந்தவள் கோட்டை விட்டது காசிநாதன் விஷயத்தில்.

காசிநாதன் பிள்ளையார்பாளையத்து நெசவாளி. குடி கிடையாது, அதிர்ந்து பேசத் தெரியாது. மனைவி காமாலையில் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கரைக்குத் தனி நிறம் வைத்த சேலை நெய்ய, குறுக்கு நூல் ஓட்டுகிற நாடாவை எறிய இன்னொரு கை பக்கத்தில் வேண்டும். அந்தக் கை போய்விட்டதால், உடலும் கரையும் ஒரே நிறத்தில் வருகிற சேலையாகக் கேட்டு வாங்கித் தனியாளாக நெய்துகொண்டிருந்தான். ஒரே பெண். ஏகாம்பரநாதர் கோயில் அம்மன் பெயரை வைத்திருந்தார்கள்: ஏலவார்குழலி. கூப்பிடுவது குழலி. நான்காம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், நெய்கிறவர் காலை இறக்கி மிதிக்கிற தறிக்குழி ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். அப்பா நெய்வார். ஒருவரோடு ஒருவர் அதிகம் பேசிக்கொள்வதுகூட இல்லை.

அப்படிப்பட்டவன் கீரைமண்டபத்துக்கு அருகே டீக்கடையில் தயாளன் என்கிற பூக்காரனோடு வாய்த்தகராறில் இறங்கினான். செத்துப்போன மனைவியைப் பற்றித் தயாளன் விளையாட்டாக எதையோ சொன்னானாம். காசிநாதன் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினான். தயாளன் கடையின் கருங்கல் படியில் பின்மண்டை படும்படி விழுந்தான். தள்ளியவனே ஆட்டோ பிடித்து, மடியில் தலையைத் தாங்கி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தான். பிறகு நேராக வீட்டுக்கு வந்து தறியில் உட்கார்ந்துவிட்டான்.

இன்ஸ்பெக்டர் ராமராஜன் கெட்டவர் இல்லை. அவசரக்காரர். விடிவதற்குள் போய்த் தூக்கிவந்துவிடலாம் என்றார்.

"சார், அவன் ஓட மாட்டான். தறியில சேல இருக்குது, வூட்டுல பொண்ணு இருக்குது. எங்க ஓடுவான்? பொண்ணு ஸ்கூலுக்குக் கெளம்பற நேரத்துக்குப் போலாம். அவனே சொல்ட்டு வரட்டும்" என்றாள் சுகாசினி.

"டீச்சரம்மா கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்கப்பா" என்று சலித்துக்கொண்டாலும், அவள் சொன்ன நேரத்துக்கே ஆளை அனுப்பினார்.

காவலர்கள் சாதாரணச் சட்டையில் தெருக்குழாய் அருகே நின்றார்கள். சுகாசினி மட்டும் உள்ளே போனாள். காசிநாதன் அவளைப் பார்த்ததும் எழுந்து கைகட்டி நின்றான். பெண்ணிடம் நீயே சொல்லிவிடு, என்ன நடந்ததோ அதைச் சொல், என்றாள். அவன் சீருடை போட்டு நின்ற மகளுக்கு முன்னால் குந்தினான்.

"நான் ஒருத்தர தள்ளிட்டேன்மா. அவரு தலைல அடிபட்டு ஆஸ்பத்திரில கெடக்கறாரு. தப்பு என் மேலதான். அதனால போலீஸ் கூட போறேன். நீ பக்கத்து வூட்ல துர்கா அத்த கூட இரு."

குழலி அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, "எப்ப வருவே?" என்றாள்.

காசிநாதன் சுகாசினியை நிமிர்ந்து பார்த்தான். நாள் சொல்லாதே என்று அவள் தலையை ஆட்டினாள். அவன் தறியைத் திரும்பிப் பார்த்தான். மாம்பழ மஞ்சளில் பாதிச் சேலை ஓடியிருந்தது. முந்தானையாக வருகிற முந்தி இன்னும் எடுக்கவில்லை. தறியில் ஏற்றிய பாவு நூலில் அதுதான் கடைசிச் சேலை.

"அந்தச் சேல பாதில நிக்குது பாரு. அத வேற யாரு முடிப்பாங்க? நான்தான் வந்து முடிக்கணும். வந்துடுவேன்."

குழலியின் முகம் தெளிந்துவிட்டது. சுகாசினிக்கும் அந்த வார்த்தை பிடித்துப்போனது. நாள் குறிக்கவில்லை, பிள்ளை பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்தது, இதைவிட நல்லதாக ஒரு தகப்பனுக்குச் சொல்லவராது என்று நினைத்தாள். காயம்பட்ட வழக்குத்தானே, கொஞ்ச நாளில் ஜாமீன் கிடைத்துவிடும் என்றும் நினைத்தாள். அந்த நினைப்பில்தான் கோட்டை விட்டாள்.

பக்கத்து வீட்டு உமாபதியும் அவன் மனைவி துர்காதேவியும் குழலியைத் தங்கள் பிள்ளைபோல வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். தாமலில் காசிநாதனின் தங்கை ஒருத்தி உண்டு. அவள் படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள முடியவில்லை. குழந்தைகள் நலக் குழுவில் சுகாசினி வாதாடி, பெண் இப்போதைக்குத் தெரிந்த தெருவிலேயே இருக்கட்டும் என்று உத்தரவு வாங்கினாள். பிள்ளை நன்றாக இருக்கும்வரைதான் இது, சாப்பிடாமல் தூங்காமல் வாடினால் வேறு ஊர்க் காப்பகத்துக்கு அனுப்பவேண்டி வரும் என்று குழுவில் முன்கூட்டியே சொன்னார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். ஆனால் அம்மா இல்லாத, அப்பா உள்ளே போய்விட்ட ஒரு பெண்ணை, தெரிந்த முகமே இல்லாத ஊரில் கொண்டுபோய் விடச் சுகாசினி சம்மதிப்பதாக இல்லை.

தினமும் சாயங்காலம் சீருடையை மாற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் பிள்ளையார்பாளையம் போய் வந்தாள். குழலி நன்றாகவே இருந்தாள். வீட்டுச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டைத் திறந்து, பெருக்கி, விளக்கேற்றி, தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து எழுதுவாள். சேலை மேல் தூசி விழாமல் அப்பாவின் வேட்டியைப் போர்த்தியிருந்தாள். எலி வருமோ என்று அடிக்கடி தூக்கிப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் துர்காதேவி வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிடுவாள்.

"மிஸ், அப்பா வந்தா ஒரே வாரத்துல முடிச்சிடுவாரு. முந்திதான் கொஞ்சம் லேட்டாகும்" என்று சுகாசினிக்கே தைரியம் சொன்னாள். அதிகாரமாகத் தெரிகிற பெண் எல்லோருமே அவளுக்கு மிஸ்தான்.

தயாளன் பிழைக்கவில்லை. நினைவு திரும்பாமலே ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அன்றைக்குச் சுகாசினிக்கு அங்கேதான் வேலை. பிணவறை, வாக்குமூலம், மயங்கி விழுந்த மனைவி, கூட்டமாக வந்த உறவுக்காரர்கள் என்று எல்லாம் முடிந்து அவள் வெளியே வந்தபோது இருட்டியிருந்தது. வழக்கின் பிரிவு மாறியது. ஜாமீன் பேச்சு அடங்கிப்போனது. காசிநாதனை வேலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது, குழலியைத் தவிர. சொல்ல வேண்டியவள் சுகாசினி. நாளைக்குச் சொல்லலாம், பரீட்சை முடியட்டும், வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று அவளும் தள்ளிப்போட்டாள். மற்றவர்களைத் தள்ளிப்போடாதே என்று அதட்டுகிறவளுக்கு, வேட்டியைத் தூக்கிச் சேலையைக் காட்டுகிற அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே வாய் வரவில்லை.

இதற்கிடையில்தான் பிள்ளையார்பாளையம் தன் பங்குக்கு ஒரு நல்ல காரியம் செய்தது.

காசிநாதன் இனி இப்போதைக்கு வரமாட்டான். சேலை கல்யாணத்துக்குச் சொல்லிவைத்தது, முகூர்த்தம் நெருங்கிவிட்டது, நூல் கொடுத்த முதலாளி ஆள்விட்டுக் கேட்கிறார். பாதியில் அறுத்தெடுத்தால் காசிநாதன் பெயர் கெட்டுவிடும், நாளைக்கு வெளியே வந்தால் யாரும் பாவு கொடுக்க மாட்டார்கள். அந்தத் தெருவில் ஒருவன் காய்ச்சலில் விழுந்தால் மற்றவன் அவன் தறியில் உட்கார்ந்து முடித்துக் கொடுப்பது வழக்கம். யாரும் கேட்க வேண்டியதில்லை, நன்றி சொல்ல வேண்டியதுமில்லை. உமாபதி தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டான். துர்காதேவியிடம் மறுசாவி இருந்தது. குழலி பள்ளிக்கூடம் போன நேரத்தில் முறை வைத்து உட்கார்ந்தார்கள். அவள் வருவதற்குள் வேட்டியைப் பழையபடி போர்த்தி வைத்தார்கள். போர்த்தின மடிப்புகூட மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். முடித்து வைத்துப் பிள்ளையைச் சந்தோஷப்படுத்தலாம் என்று எண்ணம். வேட்டிக்கு அடியில் துணி வளர்ந்ததைப் பிள்ளை கவனிக்கவில்லையா என்றால், நெய்த துணி முன்னால் இருக்கிற உருட்டு மரத்தில் சுருண்டுகொண்டே போய்விடும், மேலே தெரிவது எப்போதும் ஒரு முழந்தான்.

காசிநாதன் மகளிடம் சொல்லிப்போன வார்த்தை தெருவில் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் சுகாசினி. அவளிடம் யாரும் கேட்கவில்லை.

கடைசி நாள் பள்ளிக்கூடத்தில் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். நடந்ததைத் துர்காதேவி தலையில் அடித்துக்கொண்டு சுகாசினியிடம் சொன்னாள்.

"தெருமுனையிலயே தறி சத்தம் கேட்டிருக்குது மேடம். ஆயிரம் தறி ஓடுனாலும் அவங்க வூட்டு தறி சத்தம் அதுக்குத் தெரியாதா? அப்பா வந்துட்டாருன்னு பையக் கீழப் போட்டுட்டு ஓடியாந்திருக்குது. 'அப்பா அப்பா'ன்னு கத்திக்கினே வந்துச்சு. உள்ள வந்து பாத்தா இவரு உக்காந்துக்கினு இருக்காரு. அப்பதான் கற்பூரம் காட்டி அறுத்தாங்க. 'முடிச்சுட்டோம் கண்ணு, பாரு'ன்னு எல்லாரும் சிரிச்சுக்கினே காட்டுறாங்க. நாங்க இன்னா பாவம் பண்ணோம்னு எங்களுக்கே தெரியல."

குழலி அவர்களைத் தாண்டிப் போய்த் தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டாளாம்.

சுகாசினி போனபோதும் அங்கேயேதான் இருந்தாள். தறியில் சேலை இல்லை. சீப்புப் போன்ற அச்சில் கோத்த நூல் நுனிகள் மட்டும் தொங்கின. சுகாசினிக்கு அந்தக் குழிக்குள் இறங்குகிற உடம்பு இல்லை. காசிநாதன் உட்காருகிற பலகையில் உட்கார்ந்து காலைக் குழியில் விட்டாள். கால் பக்கத்தில் பெண்ணின் தலை.

"குழலி, நான் ஒண்ணு சொல்லணும். முன்னயே சொல்லியிருக்கணும், சொல்லாம வுட்டுட்டேன். அப்பா ஒருத்தர தள்ளுனாரே, அவரு செத்துட்டாரு. அதனாலதான் அப்பா வர முடில."

தொங்கிய நூல் நுனி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "சேல முடிஞ்சிடுச்சு. அப்பா வர மாட்டாரு" என்றாள் குழலி. அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. துர்காதேவி ஊட்டினால் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கெல்லாம் வெறித்துப் பார்த்தாள். உமாபதி முகத்தைப் பார்த்தாலே திரும்பிக்கொண்டாள். அந்த மனிதன் தன் தறியிலும் உட்காராமல் வாசலில் நின்று நின்று உள்ளே போனான். விஷயம் குழுவுக்குப் போயிற்று. அடுத்த கூட்டத்தில் பிள்ளையை நேரில் அழைத்துவாருங்கள், இப்படியே இருந்தால் காப்பகம்தான் நல்லது, அங்கே ஆலோசகர் இருக்கிறார் என்றார்கள்.

சுகாசினி தன் வார விடுப்பு நாளில் குழலியைக் கூட்டிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினாள். ஜெயிலில் மனு போட ரத்த உறவு வேண்டும் என்பதால் தாமல் நிறுத்தத்தில் அத்தை, காசிநாதனின் தங்கை, வந்து ஏறிக்கொண்டாள். தாமல் ஏரி நிறையத் தண்ணீர் இருந்தது. குழலி அந்தப் பக்கம் திரும்பவில்லை. வழியெல்லாம் சுகாசினி தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். போய்ப் பார்த்துப் பெண் இன்னும் உடைந்துபோனால்? தகப்பன் மறுபடியும் எதையாவது ஆசைகாட்டிவிட்டால்?

ஜெயிலில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் காசிநாதன் வந்து நின்றான். இளைத்திருந்தான். போனில்தான் பேச வேண்டும். அத்தை அழுதுகொண்டே அண்ணனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனைச் சுகாசினியிடம் கொடுத்தாள். அவள் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றான்.

"காசிநாதா, கேளு. அழுது கொழந்தய பயமுறுத்தாத. நாள் சொல்லாத, சேல சொல்லாத, சாமி மேல ஆணை வெக்காத. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. அவ தாங்குவா" என்று சொல்லிவிட்டுப் போனைக் குழலியின் காதில் வைத்தாள். தன் காதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

குழலிதான் முதலில் பேசினாள். "அப்பா, சேலய அறுத்துட்டாங்கப்பா."

"யாரு முடிச்சது?"

"உமாபதி மாமா. எல்லாரும்."

காசிநாதன், எப்பேர்ப்பட்ட இடத்தில் இருந்தாலும் நெசவாளி நெசவாளிதானே, "முந்தி நல்லா வந்துச்சா?" என்று கேட்டுவிட்டான்.

"பாக்கல."

"பரவால்ல. அம்மா, கேளு. நான்தான் உங்கிட்ட தப்பா சொல்ட்டேன். சேலைக்கும் நான் வர்றதுக்கும் சம்பந்தமே இல்ல. அவங்க முடிச்சதால நான் வராம போவல. நான் தள்ளுனதுல ஒருத்தரு செத்துட்டாரு. அதுக்குத்தான் இங்க இருக்கறேன். உமாபதி மேல கோவப்படாத."

"எப்ப வருவே?"

"தெரியாதும்மா."

"நெசமா தெரியாதா?"

"நெசமா தெரியாது. ரொம்ப நாளாகும். ஆனா நீ இங்க வந்து என்ன பாக்கலாம். இப்ப பாக்கறல்ல, அது மாதிரி."

குழலி அவனை உற்றுப் பார்த்தாள். "சரி" என்றாள் குழலி. அப்புறம்தான் அழுதாள். சேலை அறுத்த நாளிலிருந்து தேக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். வரிசையில் நின்ற பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். சுகாசினி தேற்றவில்லை. அழட்டும் என்று பக்கத்திலேயே நின்றாள். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

வேலூர் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இட்லி வைத்ததும் யாரும் சொல்லாமலே குழலி பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள், விழுங்கினாள், இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டாள். பிற்பாடு குழு கூடியபோது அவளை எங்கேயும் அனுப்பச் சொல்லவில்லை, துர்காதேவி வீட்டிலேயே இருக்கட்டும் என்றுதான் எழுதினார்கள். என்னைக் கேட்டால் அது அந்த இட்லித் தட்டிலேயே முடிவாகிவிட்டது.

திரும்பும்போது தாமலில் அத்தை இறங்கிக்கொண்டாள். பஸ் கிளம்பியதும் குழலி சுகாசினியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"மிஸ், செத்துப்போனாரே, அவருக்குக் கொழந்த இருக்குதா?"

சுகாசினி பிள்ளைகளிடம் பொய் சொல்வதில்லை. "இருக்குது. பொண்ணு. உன்னவிட சின்னது."

"அதுங்கிட்ட யாரு சொன்னாங்க?"

"நான்தான் சொன்னேன். ஆஸ்பத்திரில. அவங்க அம்மா மயங்கிட்டாங்க. வேற யாரும் சொல்லல. அதும்பாட்டுக்கு பெஞ்சுல உக்காந்து பிஸ்கட் துன்னுக்கினு இருந்துச்சு."

"நெசத்த சொன்னீங்களா?"

"நெசத்தத்தான் சொன்னேன்."

குழலி ஜன்னல் பக்கம் பார்த்தாள், மறுபடி திரும்பினாள்.

"இப்ப அது சாப்புடுதா?"

கைதானவனின் பிள்ளையைப் போய்ப் பார் என்று சட்டம் சுகாசினிக்குச் சொல்லியிருந்தது. அவளும் மழையோ வெயிலோ பார்க்காமல் பிள்ளையார்பாளையத்துக்குப் போனாள். பூக்காரனின் வீடு செவிலிமேட்டில். ஸ்கூட்டியில் போனால் பத்து நிமிஷத் தூரம்தான். அந்தப் பிள்ளையின் காதில் அப்படி ஒரு சேதியைப் போட்டுவிட்டு வந்தவள், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"தெரியல" என்றாள்.

"நெசமா தெரியாதா?"

"நெசமா தெரியாது, குழலி."

"அப்ப போய்க் கேளுங்க மிஸ்" என்றாள் குழலி. குற்றம் சொல்கிற தொனியே இல்லை. வீட்டுப்பாடத்தில் விட்டுப்போன கணக்கைக் காட்டுகிறமாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

பிள்ளையார்பாளையத்தில் உமாபதி வாசலில் நின்றிருந்தான். பெண் வருவதைப் பார்த்ததும் வழக்கம்போல உள்ளே நழுவப் பார்த்தான்.

"மாமா" என்று கூப்பிட்டாள் குழலி. "முந்தி நல்லா வந்துச்சான்னு அப்பா கேட்டாரு."

உமாபதி மேல்துண்டை வாயில் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான். துர்காதேவி வந்து குழலியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

சுகாசினி வீட்டுக்குப் போகவில்லை. ஸ்கூட்டியைச் செவிலிமேட்டுப் பக்கம் திருப்பினாள். போய் என்ன பேசுவது என்று தெரியவில்லை. என் புருஷனைக் கொன்றவன் பிள்ளைக்கு மட்டும் தினமும் போய் வந்தாயே என்று தயாளன் மனைவி கேட்டால், கேட்கட்டும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சின்ன ஓட்டு வீடு. வாசலில் பூ கட்டுகிற பலகை சாத்தி வைத்திருந்தது. கதவைத் தட்டினாள். திறந்தது அந்தச் சின்னப் பெண்தான். சுகாசினி சீருடையில் இல்லை, தொப்பி இல்லை. இருந்தும் பிள்ளை அவளை ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொண்டது. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தது.

"அம்மா, அப்பா செத்துட்டாருன்னு சொன்னாங்களே, அந்த ஆன்ட்டி வந்திருக்காங்க."

சுகாசினி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.